முதல் மாவு வரைக்கும்

அந்த வாசக் கதவு தெறக்காதுங்க்கா. எத்தனை தள்ளினாலும் தெறக்காது. அட்டை காட்டினாத்தான் தெறக்கும். அட்டை குமாஸ்தா அண்ணன் கழுத்துல இருக்குது, குமாஸ்தா அண்ணன் கீழ டீக்கடையில இருக்காரு. நானும் ரெண்டு தடவை தள்ளிப் பார்த்துட்டேன். வாங்க, உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், அது ஆடும். இப்பிடி எம்பக்கத்துல உக்காருங்க.

நீங்க என்ன கேஸுங்க? சொத்துப் பாகமா? அண்ணன் தம்பிகளோடவா? சரி சரி, சொல்ல வேண்டாம். வக்கீல் உங்ககிட்ட மரம்னு சொல்லியிருப்பாரே? "பாகப்பிரிவினைங்கறது ஒரு மரம்மா. என்ன, புரியுதுங்களா? கெளையை வெட்டறதுக்கு முன்னால வேரு எங்க போவுதுன்னு பாக்கோணும். என்ன, புரியுதுங்களா?" சிரிக்கறீங்க பாருங்க! எங்க கேஸையும் மரம்னுதான் சொன்னாரு. கப்பல்ல போன சரக்குக்கு வேரு எங்கீங்க்கா இருக்குது?

மத்தவங்க மாதிரி பேசறதா? ஆமாங்க, நல்லா வரும். யார் மாதிரி வேணாலும் பேசுவேன். எங்க கெமிஸ்ட்ரி மிஸ் மாதிரி, கேஸ் சிலிண்டர் ஆபீஸ்ல போன் எடுக்கற பொண்ணு மாதிரி, உங்களை மாதிரியும் பேசுவேன், இன்னும் பத்து நிமிசம் நீங்க பேசினீங்கன்னா. ஆனா மெதுவாத்தான் பேசோணும். இந்த ஆபீஸ்ல யார் மாதிரியும் பேசக் கூடாதுன்னு அம்மா கண்டிசன் போட்டிருக்காங்க. காலையில பஸ்ஸுல வர்றப்ப கூட, "வாயைக் கட்டு கண்ணு, அங்க வந்து ஆளுக மாதிரி பேசிராத"ன்னாங்க. வக்கீல் ஆபீஸ்ல மரியாதையா இருக்கோணுமில்லீங்க, அதுக்குச் சொல்றாங்க.

அதோ, அந்தக் கண்ணாடி ரூமுக்குள்ள நீலச் சேலை கட்டி முதுகைக் காட்டிட்டு உக்காந்திருக்காங்களே, அவங்கதான் எங்கம்மா. துளசிமணி. பக்கத்துல கோட்டு போட்டிருக்கறது வக்கீல் தண்டபாணி சார். செவுத்துல டிவி தெரியுதுங்களா, அதுல ரெண்டு கட்டம். மேல் கட்டத்துல கண்ணாடி போட்ட பெரியவரு நடுவர், கோர்ட்டுக்குப் போகாம ரெண்டு பக்கமும் கேட்டுத் தீர்ப்புச் சொல்றவரு, சிங்கப்பூர்ல இருந்து வர்றாரு. கீழ் கட்டத்துல ஒரு அண்ணன் ஒட்டி ஒட்டி கேமராக்குள்ளயே வர்றாரு பாருங்க, அவருதான் லெட்சுமணன். மலேசியா, கிள்ளான். எங்க மேல கேஸ் போட்டவரு. நல்ல மனுசன்.

சத்தம் வெளிய வராதுங்க்கா. வாய் அசையறது மட்டும்தான் தெரியும். எனக்கு அது போதும். வாய் அசைஞ்சா குரலை நானே போட்டுக்குவேன். இப்ப நடுவர் வாயைத் தெறக்கறாரா? "திருமதி துளசிமணி, உங்கள் முன்னால் உள்ள ஒப்பந்தத்தின் நகல் தெளிவாகத் தெரிகிறதா?" அம்மா தலையாட்டறாங்க. "தெரியுதுங்." எப்பிடி? பொருந்துதுங்களா?

கதை கேக்கறீங்களா? எப்பிடியும் நீங்க வெளிய போக முடியாது. நானும் போக முடியாது. மதியச் சாப்பாட்டுக்குள்ள முடிச்சிருவாங்களாம். அதுக்குள்ள நான் ஒண்ணு முடிவு பண்ணோணும், அதனால யார்கிட்டயாவது சொன்னாத் தேவலைன்னு இருக்குது.

எங்களுது கிரைண்டர் கம்பெனிங்க. ஆவாரம்பாளையத்துல ஒரு ஷெட்டு. மோட்டார் வேலை பூரா அப்பா பாத்துக்குவாரு. யாவாரம், ஆளுக, போன் பேச்சு எல்லாம் அம்மா. அப்பா போன் எடுத்தா "ம்" அப்பிடீம்பாரு, அப்பறம் வெச்சிருவாரு. அம்மா குரல் இருக்குதே, அது ஒரு குரலுங்க்கா. பத்து மோட்டார் ஓடற ஷெட்டுல இந்த மூலையில நின்னு சொன்னா அந்த மூலையில கேக்கும். ஆனா கத்தற மாதிரியே இருக்காது. வெங்கல அண்டாவுல கரண்டி பட்டா ஒரு சத்தம் வருமே, பட்டதுக்கப்பறம் நின்னு நின்னு போகுமே, அது மாதிரி.

கடையில யாராவது வாங்கலாமா வேண்டாமான்னு கல்லைத் தடவிட்டே நின்னாங்கன்னா அம்மா ஒரு வார்த்தை சொல்லுவாங்க. ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். இருங்க, அந்தப் பக்கம் திரும்பிச் சொல்றேன், அம்மா திரும்பிட்டாங்கன்னா வம்பு. "ஏனுங், கல்லு உங்கூட்டுக்கு வந்து முதல் மாவு ஆட்டற வரைக்கும் அது என்ற கல்லுங். வெடிச்சா, விரிஞ்சா ஒரு போன் போடுங், நானே வந்து தூக்கியாந்தர்றேன்."

ஐயோ, கை சிலிர்க்குது பாருங்க உங்களுக்கு!

அதைச் சும்மாவும் சொல்ல மாட்டாங்க. ஒருக்கா சத்தியமங்கலத்துல ஒரு வீட்டுல முதல் மாவுலயே கல்லு கீறல் விட்டிருச்சு. அன்னைக்கே வேன் புடிச்சுப் போயி வேற கல்லு மாட்டிக் குடுத்துட்டு வந்தாங்க. ரசீதுல இதைப் பத்தி ஒரு வரி கெடையாது. ஆனா எங்ககிட்ட கிரைண்டர் வாங்கின அத்தனை பேருக்கும் தெரியும்.

அப்பறம்தான் இந்த மலேசியா ஆர்டர் வந்துச்சு. நூத்தி இருவது கிரைண்டரு. அம்மாவுக்கு முதல் வெளிநாட்டு ஆர்டர். ஒம்பது பக்கம் ஒப்பந்தம். அம்மா அதைப் பரீட்சைக்குப் படிக்கற மாதிரி படிச்சாங்க. காலண்டர் தாளுக்குப் பின்னால கப்பல் வரைஞ்சு, கிரேன் வரைஞ்சு, நடுவுல ஒரு கோடு போட்டு எனக்கும் அப்பாவுக்கும் பாடம் எடுத்தாங்க. "இதுக்குப் பேரு எஃப்.ஓ.பி. தூத்துக்குடியில கப்பல் மேல ஏத்தற வரைக்கும் சரக்கு நம்ம பொறுப்பு. ஏத்தியாச்சுன்னா அவங்க பொறுப்பு. நடுக்கடல்ல என்ன ஆனாலும் நம்மளைக் கேக்கக் கூடாது. அவங்கதான் இன்ஷூரன்ஸ் போட்டுக்கோணும்." அப்பா, "ம்."

கேட்டுக்கிட்டேங்க்கா. நல்லாத்தான் கேட்டுக்கிட்டேன். கப்பல் படம் நல்லா இருக்குன்னு கூடச் சொன்னேன்.

பதினோராவது பிரிவுன்னு ஒண்ணு இருக்குது. வக்கீல் அதைத்தான் வேரும்பாரு. ஒப்பந்தத்துல எதை மாத்தறதா இருந்தாலும் போன்ல பேசி மாத்திக்கலாம். பேசினதை ஒருத்தர் மெயில்ல எழுதி, இன்னொருத்தர் சரின்னுட்டா, அதுவும் ஒப்பந்தத்துல சேர்ந்துக்கும். அம்மாதான் அதைக் கேட்டு வாங்கிப் போட்டாங்க. "நமக்குப் பேச்சுத்தான் வசதி, எல்லாத்துக்கும் பேப்பர் அனுப்பிட்டு இருக்க முடியாது"ன்னு.

அந்த மாசமே அம்மாவுக்குத் தொண்டையில கட்டி. பயப்படற கட்டி இல்லீங்க, கத்திக் கத்தி வர்றது. ஆபரேசன் பண்ணிட்டு டாக்டரு சொல்லிட்டாரு: "ஒரு மாசம் வாயே தெறக்கக் கூடாது. முணுமுணுக்கக் கூடாது. பேசினீங்கன்னா குரல் திரும்ப வராது." எங்கம்மா! பேசாம! ஷெட்டுல ஆளுக எல்லாம் ரேடியோ நின்ன வீடு மாதிரி முழிச்சாங்க.

அம்மா போனை எங்கிட்டக் குடுத்து, தாள்ல எழுதிக் காட்டினாங்க. "அம்மா வெளியூர் போயிருக்காங்கன்னு சொல்லு. ஆபரேசன்னு சொல்லாத. புது ஆளு, பயந்துக்குவாரு." அவ்வளவுதான் எனக்கு இட்ட வேலை.

முதல்ல சும்மா வெளையாட்டுத்தானுங்க்கா. ஷெட்டுல தடுப்புக்குப் பின்னால நின்னு, "டீக் குடிச்சது போதும், எந்திரிங்"ன்னு ஒரே ஒரு தடவை சொன்னேன். நாலு பேரு டம்ளரைப் போட்டுட்டு ஓடினாங்க! அப்பறம் ஸ்கூலுக்குப் போன் போட்டு, "மிர்துளாவுக்குக் காய்ச்சலுங் மிஸ்"ன்னு ரெண்டு நாள் லீவு. கெமிஸ்ட்ரி மிஸ் என்ன சொன்னாங்க தெரியுங்களா? "உங்க பொண்ணு ரொம்ப சேட்டைங்க, கொஞ்சம் கண்டிச்சு வைங்க." நான் சொன்னேன், "அடிங் மிஸ், நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்." போனை வெச்சுட்டுச் சிரிச்சு சிரிச்சு வவுறு வலி வந்திருச்சு.

இருங்க. வக்கீல் எந்திரிக்கறாரு. "கனம் நடுவர் அவர்களே, இந்த வழக்கு ஒரு மரம்…" உக்காந்துட்டாரு. நடுவரே உக்காரச் சொல்லிட்டாரு போல.

ஆபரேசன் முடிஞ்சு பன்னெண்டாம் நாள். அம்மா உள்ள கட்டில்ல படுத்திருக்காங்க. போன் அடிக்குது. லெட்சுமணன். அவரு எப்பிடிப் பேசுவாருன்னா, "அம்மா, என்னா லா, ரெண்டு நாளா ஆளையே காணோம்? நல்லா இருக்கீங்களா? சாப்டாச்சா?" மொத வார்த்தையே சாப்டாச்சாதான். அம்மா வெளியூர்னு சொல்லத்தான் வாயைத் தெறந்தேன். சத்தியமாங்க்கா. வாயைத் தெறந்தா அம்மா வந்துட்டாங்க. "சொல்லுங் தம்பி, நல்லா இருக்கறனுங்."

அவரு கேட்டாரு, "அம்மா, ஒரு சந்தேகம் லா. இன்ஷூரன்ஸ் போடறதுக்கு ஆளு வந்து உக்காந்திருக்கான். போடவா வேணாமா? கல்லு சாமான், கப்பல்ல போட்டு ஆட்டிட்டா என்னா பண்றது? இப்பத்தான் லோரி ஓட்டறதை விட்டுட்டுக் கடையே போட்டிருக்கேன்."

கல்லைத் தடவிட்டே வாங்கலாமா வேண்டாமான்னு நிப்பாங்களே, அதே குரலுங்க்கா. அந்தக் குரலுக்கு அம்மா என்ன சொல்லுவாங்க? ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவாங்க. நானும் அதையேதான் சொன்னேன். ஒரு எழுத்து மாத்தலை. "ஏனுங் தம்பி, கல்லு உங்கூட்டுக்கு வந்து முதல் மாவு ஆட்டற வரைக்கும் அது என்ற கல்லுங்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சற சத்தம் கேக்குது. அப்பறம், "அம்மா… இந்த மாதிரி யாரும் சொல்ல மாட்டாங்க லா"ன்னாரு. குரல் ஒடைஞ்சிருச்சு அவருக்கு. எனக்குச் சிரிப்பு முட்டிட்டு வருது. முழுங்கிட்டு வெச்சுட்டேன். அப்பிடியே ஹாலை ரெண்டு சுத்து ஆடினேன். எத்தனை பேரால முடியுமுங்க்கா? கடல் தாண்டி ஒரு மனுசனை அழுக வெச்சிருக்கேன்!

சாயங்காலம் மெயில் வந்துச்சு. "அம்மா, போனில் சொன்னபடி முதல் மாவு ஆட்டும் வரை உங்கள் பொறுப்பு என்று எடுத்துக்கொள்கிறேன், சரிதானே." அம்மா மெயில் எங்கிட்டத்தான் இருந்துச்சு. அம்மா எழுதற மாதிரியே பதில் போட்டேன். "சரிங்க தம்பி. நல்லா வித்துக் குடுங்க."

அப்ப எனக்கு அந்தப் பதினோராவது பிரிவு நெனப்புலயே இல்லை. கப்பலும் கிரேனும்தான் நெனப்புல இருந்துச்சு.

அவரு இன்ஷூரன்ஸ்காரனைத் திருப்பி அனுப்பிட்டாரு.

வழியில எங்கியோ பெட்டியைக் கப்பல் மாத்தறப்ப கீழ போட்டுட்டாங்களாம். தெறந்து பாத்தா நூத்தி இருவதுல தொண்ணூத்தாறு கல்லு வெடிச்சுக் கெடக்குது. எல்லாம் புதுக் கல்லு. ஒண்ணுலயும் மாவு பட்டதில்லை.

இதுக்குள்ள அம்மாவுக்குக் குரல் வந்திருச்சு. வந்துச்சுன்னா… பழைய குரல் வரலீங்க்கா. சாக்கைத் தரையில இழுத்தா வருமே, அது மாதிரி வந்துச்சு. டாக்டர் இனி இதுதான்னுட்டாரு. அம்மா அன்னைக்கே ஷெட்டுக்கு ஒரு மணி வாங்கி மாட்டினாங்க, ஆளுகளைக் கூப்பிட.

லெட்சுமணன் போன் பண்ணாரு. "அம்மா? அம்மாதானா? குரலுக்கு என்னா ஆச்சு லா? ஒடம்பு சரியில்லையா?" தொண்ணூத்தாறு கல்லு வெடிச்சுப் போயி, அவரு மொதல்ல கேட்டது அதைத்தான். அப்பறம்தான் கல்லு விசயம். அம்மா பொறுமையாச் சொன்னாங்க, "எஃப்.ஓ.பி தம்பி. கப்பல் ஏறினா உங்களுது. நீங்க இன்ஷூரன்ஸ்ல கேளுங்." அவரு, "நீங்கதானம்மா வேணான்னு சொன்னீங்க." அம்மா, "நான் சொல்லவே இல்லீங் தம்பி." அவரு, "அம்மா, ரெக்கார்டு இருக்கு லா." மனுசனுக்குக் காது கொஞ்சம் மந்தமாம், எல்லாப் போனையும் பதிவு பண்ணி வீட்டுக்காரம்மாவைக் கேக்கச் சொல்லுவாராம். அது எனக்கு எப்பிடித் தெரியும், சொல்லுங்க?

நான் அங்கதான் தோசை தின்னுட்டு உக்காந்திருக்கேன். தட்டை எடுத்துட்டுப் பின்பக்கம் போயிட்டேன்.

அப்பறம் நோட்டீஸு, வக்கீலு, மரம். தண்டபாணி சார் ரெக்கார்டைக் கேட்டாரு, மெயிலையும் பாத்தாரு, டாக்டர் சர்ட்டிபிகேட்டைப் பாத்தாரு, மேசையைத் தட்டினாரு. "ஜெயிச்சுட்டோம்மா! ஆபரேசன் முடிஞ்சு பன்னெண்டாம் நாள் நீங்க எப்பிடிப் பேசியிருப்பீங்க? இது கம்ப்யூட்டர். இப்பெல்லாம் மூணு நிமிசக் குரல் குடுத்தா மூணு மணி நேரம் பேசுது. மெயிலா? அதையும் உள்ள பூந்து அவனே போட்டிருப்பான். அந்தாளு ஒரு ஃபோர்ஜரிக்காரன். என்ன, புரியுதுங்களா?"

கம்ப்யூட்டராம்! என்னையப் போயி! நாலாவது படிக்கறப்ப இருந்து அம்மா குரலுக்கு நான் எத்தனை பாடு பட்டிருக்கேன். அந்த "ங்" இருக்குதே, மூக்குல ஆரம்பிச்சுத் தொண்டையில போயி நிக்கோணும், அது வர்றதுக்கே ரெண்டு வருசம் ஆச்சு. நல்ல வேளை, லெட்சுமணன் பக்கம் ஒரு நிபுணர் எழுதிக் குடுத்திருக்காரு, இது கம்ப்யூட்டர் குரலே இல்லை, உயிருள்ள மனுசத் தொண்டையில இருந்து வந்ததுன்னு. அதைப் படிச்சப்ப எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுங்களா? அப்பறம்தான் உறைச்சுது, அது உண்மைன்னா அம்மா பொய் சொல்றாங்கன்னு ஆயிருமே.

இதுதானுங்க்கா எம்பட நெலமை. நான் வாயை மூடிட்டு இருந்தா ரெண்டுல ஒண்ணு. ஒண்ணு, லெட்சுமணன் ஃபோர்ஜரிக்காரன். இல்லாட்டி, எங்கம்மா பொய்க்காரி. ரெண்டு பேரும் ஒரு பொய்யும் சொல்லலை.

சரி, சொல்லிரலாம்னா? அதையும் கேட்டுப் பாத்தேன். வக்கீல்கிட்டயே கேட்டேன். "சார், சும்மா ஒரு பேச்சுக்கு, ஒரு பொண்ணு அவங்கம்மா மாதிரியே பேசி வாக்குக் குடுத்துட்டான்னா?" "சினிமாக் கதை எல்லாம் எங்கிட்டக் கேக்காத பாப்பா. பொண்ணுக்கு என்ன வயசு?" "பதினேழு சார்." "செல்லாது. பதினெட்டு ஆகாதவ பேசின ஒப்பந்தம் காத்தோட போச்சு. வாங்கினவன் தலையில துண்டு." ஆக, நான் சொன்னா எங்களுக்கு ஜெயம். அவருக்கு இன்ஷூரன்ஸும் இல்லை, எங்க வாக்கும் இல்லை. கடையை மூடிட்டுத் திரும்ப லாரிக்குத்தான் போகோணும். சொன்னாலும் அவரு முழுகறாரு, சொல்லாட்டியும் முழுகறாரு. எந்தப் பக்கம் திரும்பினாலும் செவுரு.

அம்மாகிட்டச் சொல்லலாமேங்கறீங்க. மூணு தடவை போனேன். வாயைத் தெறந்தாலே, "மொதல்ல சோத்தை உண்ணு"ங்கறாங்க. இல்லாட்டி, "படிக்கற வேலை இல்லியா"ங்கறாங்க. மூணாவது தடவை, "அம்மா, அந்த ரெக்கார்டு"ன்னு ஆரம்பிச்சேன், படக்குனு எந்திரிச்சு அந்த மணியை அடிக்கப் போயிட்டாங்க. ஷெட்டுல ஆளே இல்லை, ஞாயித்துக்கிழமை. பாவம், கேஸு கவலையில கிழமை கூட மறந்து போச்சு அவங்களுக்கு.

ரெக்கார்டுன்னதும் நெனப்பு வருது. மொதல்ல வக்கீல் போட்டுக் காட்டினப்ப அம்மா மூணு தடவை கேட்டாங்க. ரெண்டு தடவை முழுசா. மூணாவது தடவை கடைசி மட்டும் போடச் சொன்னாங்க. நான் சிரிப்பை முழுங்கினேனே, அந்த எடம். கண்ணை மூடிட்டுக் கேட்டாங்க. கண்ணுல தண்ணி. பழைய குரலை நெனச்சு அழுகறாங்கன்னு நெனச்சு எனக்கே கஷ்டமாப் போச்சு. அன்னைக்குல இருந்து எம்பக்கத்துலதான் படுக்கறாங்க. கேஸ் முடியட்டும், தைரியம் வந்துரும்.

இன்னைக்குக் காலையில பாருங்க, டாக்டர் சர்ட்டிபிகேட்டையே காணோம். வக்கீல் இதே எடத்துல நின்னு ஃபைலைக் கொட்டித் தேடறாரு. "ஏனுங்கம்மா, நம்ம கேஸே அந்த ஒரு தாள்தானுங்களே!" அம்மா, "மறந்து வெச்சுட்டு வந்துட்டனுங்." எங்கம்மா, கரண்ட் ரசீதையே வருசவாரியாக் கட்டி வெச்சிருக்கற ஆளு, அதைப் போயி மறந்துட்டாங்க. டென்சன் ஆனா எல்லாருக்கும் அப்பிடித்தான், இல்லீங்களா? வக்கீல் ஒரு நகல் எடுத்துட்டு வர ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பறேன்னாரு. அதுக்குள்ள விசாரணைக்குக் கூப்பிட்டுட்டாங்க.

அதோ. டிவியில நடுவர் முன்னால சாயறாரு. இதுதான் முக்கியமான கேள்விங்க்கா, எனக்குத் தெரியும், வக்கீல் வீட்டுல வெச்சே சொல்லிக் குடுத்தாரு. "திருமதி துளசிமணி, ஒலிப்பதிவில் உள்ள சொற்களைச் சொன்னது நீங்களா?" அம்மா நிமிர்ந்து உக்கார்றாங்க. பாருங்க, முதுகைப் பாருங்க, எப்பிடி நிமிருது! "சத்தியமா இல்லீங். அந்த மாசம் நான் வாயே தெறக்கலீங். ஒரு சொல்லு பேசலீங். என்ற ஆர்டர்ல என்ன எழுதியிருக்குதோ அதான் என்ற பேச்சுங்." எப்பிடிப் போட்டேன்? வாயும் கரெக்டாப் பொருந்துச்சு பாத்தீங்களா, பக்கவாட்டுல தெரிஞ்சுதே.

வக்கீல் ஏன் பேனாவைக் கீழ போடறாரு?

லெட்சுமணன் எந்திரிச்சுட்டாரு. கேமராவை விட்டே போயிட்டாரு, சட்டை மட்டும் தெரியுது. கும்புடறாருங்க்கா. ரெண்டு கையையும் சேத்துக் கும்புடறாரு. கம்ப்யூட்டர்னு சொன்ன ஆளுங்களைப் பாத்து எதுக்குக் கும்புடறாரு?

இருங்க, நான் உள்ள போறேன். செல்லுமோ செல்லாதோ, போயிச் சொல்லிர்றேன். அப்பறம் எது எப்பிடிப் போனாலும்… இந்தக் கதவுக்கு அட்டை வேண்டாம், இது தெறக்கும். இந்தப் பையைக் கொஞ்சம் புடிங்க…

வக்கீல் வெளிய வந்துட்டாரு. சார், என்னாச்சு சார்? "என்னாச்சா? உங்கம்மாளைக் கேளு. 'நான்தான் சொன்னேன், என்ற குரல்தான், என்ற கையாலதான் மெயில் போட்டேன், தொண்ணூத்தாறு கல்லும் கடை வாசல் வரைக்கும் எம்பட பொறுப்பு'ன்னு எழுதிக் குடுத்துட்டு வர்றாங்க. ஆபரேசன் ஆன வாயில எப்பிடிம்மா பேசினீங்கன்னு நடுவரே கேக்கறாரு. 'டாக்டர் சொன்னாருங், நான்தான் கேக்கலீங்'கறாங்க. இப்பிடி ஒரு கட்சிக்காரியை நான் பாத்ததே இல்லை. தண்ணி இருக்கா இங்க?"

அம்மா. அம்மா, ஏம்மா அப்பிடிச் சொன்னீங்க? அந்த மாசம் நீங்க ஒரு வார்த்தை… இல்லீங்கம்மா, ஒண்ணும் பேசலை. சும்மாத்தான் உக்காந்திருந்தேன். இந்த அக்கா சொத்துக் கேஸாம். அவங்கதான் பேசிட்டு இருந்தாங்க.

அம்மா, டிவி இன்னும் அணைக்கலை. அவரு இருக்காரு. ஒரே நிமிசம் உள்ள போயிட்டு… கையை விடுங்கம்மா. விடுங்க. வலிக்குது.

கேட்டீங்களாக்கா அம்மா சொல்றதை? "இவ எதாச்சும் சொல்லியிருந்தா மனசுல வெச்சுக்காதீங் அம்மணி. ஊர்ல இருக்கறவங்க குரலை எல்லாம் பேசிப் பேசி, நடந்தது எது நடக்காதது எதுன்னு இவளுக்கே தெரியறதில்லீங்." எங்கிட்ட இல்லீங்க்கா, உங்ககிட்டத்தான் சொல்றாங்க. என்னைய நிமிர்ந்தே பாக்க மாட்டீங்கறாங்க.

அம்மா, நான்… சரி. சரிங்கம்மா. சொல்லிர்றேன். கையை விடுங்க, சொல்லிர்றேன்.

அக்கா. நான் இவ்வளவு நேரம் சொன்னது அத்தனையும் பொய்ங்க்கா. அன்னைக்குப் போன் பேசினது அம்மாதான். நான் பக்கத்துலதான் நின்னுட்டு இருந்தேன். என்ற காதால கேட்டேன்.